பிழை பூஜ்யம் என்னும் அறிக்கை

ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மாநில எல்லை ஒன்று இருப்பது வாகனப் பதிவு எண்களிலும் கடைப் பலகைகளின் லிபியிலும் தெரிகிறதேயன்றி, அங்கே நடக்கும் தொழிலில் தெரிவதில்லை. 1980-ஐ ஒட்டி மொபெட்டும் லாரியும் செய்யத் தொடங்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரத்தாலும் நாடெங்கும் பெயர் பெற்றுவிட்ட ஓசூரில் இன்று டி.வி.எஸ். ஐக்யூபும் ஏதர் ஸ்கூட்டரும் உருவாகின்றன. மாவட்டத்தின் மறுகோடியில், போச்சம்பள்ளிப் பக்கம், ஓலாவின் பெருந்தொழிற்சாலை நிற்கிறது. மின்சார வண்டிகள் மட்டுமல்ல, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி அமலுக்கு வந்து கார்புரேட்டரின் ஸ்தானத்தை எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது முதல், பெட்ரோல் வண்டிகளும் ஒரு சிறு கன்ட்ரோலரின் சொற்படியே ஓடுகின்றன. அத்தகைய கன்ட்ரோலர்களுக்கான நிரல் உலகெங்கும் பெரும்பாலும் சி மொழியிலேயே எழுதப்படுவதால், அம்மொழியில் பிழை நுழையும் வழிகளைப் பற்றிய விசாரம் ஓசூர்வாசிகளுக்கு அந்நியமான விஷயமன்று.

அவ்வழிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று மேக்ரோ. கம்பைலர் நிரலைப் படிப்பதற்கு முன்பாகவே, ஒரு பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் அதற்கென வரையறுத்த எழுத்துத் தொடரை அப்படியே ஒட்டிவிட்டுச் செல்வது அதன் வேலை. ஒட்டுவதன் அர்த்தத்தை அது விசாரிப்பதில்லை. 'பாதி' என்றொரு மேக்ரோவை, கொடுத்ததை 2-ஆல் வகு என்று அடைப்புக்குறியில்லாமல் வரையறுத்துவிட்டு, பாட்டரியின் இரு மூலைகளிலுள்ள வெப்பமானிகள் காட்டும் 50-ஐயும் 30-ஐயும் கூட்டி அதனிடம் கொடுத்தால், சராசரி 40 என்று வருவதற்குப் பதில் 65 என்று வரும். கம்பைலரின் கண்ணுக்கு எட்டுவது 50 + 30 / 2 என்பது மட்டுமே, வகுத்தல் முந்திக்கொள்கிறது. எழுதியவர் மறுநாள் தாமே படித்துப் பார்த்தாலும் இது புலப்படாது, ஏனெனில் மேக்ரோவை அழைக்கும் வரியில் குற்றம் எதுவுமே இல்லை.

இவ்வகைக் குற்றங்களை யந்திரத்தைக் கொண்டே பிடித்துவிடலாம் என்ற எண்ணம் புதிதன்று. பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978-லேயே லின்ட் என்ற சோதனை நிரலை எழுதினார். பிரிட்டனின் மோட்டார்த் தொழிலைச் சேர்ந்தவர்கள் மிஸ்ரா என்னும் அமைப்பாகக் கூடி, வாகன மென்பொருளுக்கென 1998-ல் 127 விதிகளை வெளியிட்டார்கள். அவற்றின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் 143 விதிகளும் 16 நெறிகளும் உள்ளன. மேக்ரோவுக்குள் வந்து விழும் கோவையை அடைப்புக்குறிக்குள் வைத்தாக வேண்டும் என்கிறது அதன் 20.7-ஆம் விதி. மேற்சொன்ன 65 என்ற விபரீதத்தை இவ்விதி ஒன்றே தடுத்துவிடும். சோதனைக் கருவியும் அதைக் கணப்பொழுதில் கண்டுபிடித்துவிடும். இதுவரையில் கருவியைப் பாராட்டுவதில் நமக்குத் தடையில்லை.

சங்கடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மென்பொருளை வாங்குவோர் 'மீறல்கள் பூஜ்யம்' என்ற அறிக்கையைக் கேட்பதும், விற்போர் அந்தப் பூஜ்யத்தை எப்பாடுபட்டாவது காட்டுவதும் இத்தொழிலில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டன. இரண்டில் பெரியதைத் தரும் மேக்ரோ ஒன்றை எடுத்துக்கொள்வோம்: முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதானால் முதலாவதைத் தா, இல்லையேல் இரண்டாவதைத் தா. விதிப்படி எல்லா இடத்திலும் அடைப்புக்குறி போட்டாயிற்று. இந்த விதியைப் பொறுத்தவரை கருவி குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது வெப்பமானியைப் படித்துச் சொல்லும் ஃபங்ஷனையும் 60 என்ற வரம்பையும் அதனிடம் கொடுத்தால், மேக்ரோ அந்த ஃபங்ஷனின் பெயரை இரண்டு இடங்களில் ஒட்டுகிறது. வெப்பமானி இரண்டு முறை படிக்கப்படுகிறது. முதல் தடவை 61 என்று வந்து, 60-ஐவிடப் பெரிதென்று நிர்ணயமான பின், இரண்டாம் தடவை 59 என்று வந்தால், 'பெரியது' என்று நமக்குக் கிடைக்கும் விடை 59. இரண்டில் பெரியதைக் கேட்டவனுக்கு 60-க்கும் குறைந்த எண்ணைக் கொடுத்துவிட்டு, நிரல் நிரபராதியாக நிற்கிறது.

ஓசூர் சிப்காட்டின் லேத் பட்டறைகளில் கோ-நோகோ கேஜைக் கையாளும் எவருக்கும் இந்நிலை பரிச்சயமானதே: துளை சரியான அளவில் இருக்கிறதா என்று கேஜ் சொல்லும், துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்லாது. பட்டறையில் அதற்காக யாரும் கேஜைக் குறை கூறுவதில்லை. இடத்தை அளக்க வேறு சாதனம் வைத்திருக்கிறார்கள்.

மென்பொருளிலும் அந்த வேறு சாதனம் உண்டு. ஃபங்ஷன் செய்யக்கூடிய வேலைக்கு மேக்ரோவைப் பயன்படுத்தாதே என்கிறது மிஸ்ராவின் 4.9-ஆம் நெறி. ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் கோவை ஒரே ஒரு முறை கணக்கிடப்படுவதால், அடைப்புக்குறிக் கவலையும் இல்லை, இருமுறை படிக்கும் ஆபத்தும் இல்லை. ஆனால் 20.7 கட்டாய விதி, 4.9 வெறும் பரிந்துரை. கட்டாய விதியை மீற வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பரிந்துரையையோ, எங்கள் திட்டத்துக்கு இது பொருந்தாது என்று தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். கருவிக்கு எளிதானது கட்டாயமாகவும், மனித விவேகம் வேண்டுவது விருப்பமாகவும் அமைந்துவிட்ட இந்த ஏற்பாட்டில், பூஜ்யம் காட்டும் நிர்ப்பந்தம் சேரும்போது, நிரலாளர் எதைச் செய்வார் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை: மேக்ரோவை அப்படியே வைத்துக்கொண்டு அடைப்புக்குறிகளைச் சேர்ப்பார்.

ஃபங்ஷனை அழைப்பதால் வேகம் குறையும் என்பது 8-பிட் கன்ட்ரோலர் காலத்து வாதம். அழைக்கும் இடத்திலேயே கம்பைலர் விரித்துவைக்கத்தக்க இன்லைன் ஃபங்ஷனை 1999-ஆம் ஆண்டின் சி தரநிர்ணயம் அனுமதித்த பின் அதற்குப் பழைய பலம் இல்லை. மேக்ரோவையே பத்திரமானதாகச் செதுக்குவோம் என்போர் லினக்ஸ் கெர்னலின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். சிறியது, பெரியது காணும் மேக்ரோக்களுக்கு அங்கே பாதுகாப்பின் மேல் பாதுகாப்பாகச் சேர்த்துக்கொண்டே போனதில், ஒன்றுக்குள் ஒன்றாக அவற்றை அழைத்த ஒற்றை வரி 47 எம்பி அளவுக்கு விரிந்ததை 2024-ல் கண்டுபிடித்தார்கள். அதே கெர்னலில் 2007 முதல் இருந்துவரும் செக்பேட்ச் என்ற சோதனை நிரல், மேக்ரோவில் ஒரே உள்ளீடு திரும்ப வருவதைக் கண்டால் பிழை என்று தீர்ப்பளிப்பதில்லை. பக்க விளைவு உண்டோ என்று கேள்விக்குறியோடு கேட்டு நிறுத்திக்கொள்கிறது. கருவி சொல்வதைவிட எழுதுபவரின் தீர்மானமே மேலானது என்று அதன் ஆவணமும் சொல்கிறது. நம் தொழிற்சாலைகளுக்கு வரும் சோதனை அறிக்கைகளில் இந்த அடக்கத்தைக் காண்பது அரிது.

மேக்ரோக்களை முற்றிலும் ஒழித்துவிடவும் இயலாது. ரெஜிஸ்டர் முகவரிகளுக்கும், ஒரே நிரலை இரண்டு மாடல் வண்டிகளுக்குப் பிரித்துத் தொகுப்பதற்கும் அவை வேண்டியிருக்கின்றன. உள்ளீடு வாங்கும் மேக்ரோக்களோ பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை. ஆகவே கன்ட்ரோலர்களை வாங்கும் ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகள் தங்கள் ஒப்பந்தத்தில் பூஜ்யத்தைக் கேட்பதோடு, 4.9-ஐ ஒதுக்கக் கூடாது என்ற ஷரத்தையும் சேர்த்து, உள்ளீடு வாங்கும் மேக்ரோக்கள் எத்தனை எஞ்சியிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏன் ஃபங்ஷனாக மாறவில்லை என்ற பட்டியலை எழுதியவரின் கையொப்பத்துடன் கேட்டு வாங்கலாம். அந்தப் பட்டியலை எந்தக் கருவியும் தானாகத் தயாரித்துவிட முடியாது. எண்ணிக்கையை அது தரும், காரணத்தை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.