மீட்டிங்கில் 'டவுட்' கேட்கலாமா?

என் அக்கா மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது.

"அமெரிக்க கிளையன்ட்டோட மீட்டிங் சித்தி. அவர் செலவுக் கணக்கை விளக்கினார். ஒரு இடம் புரியலை. 'ஐ ஹேவ் எ டவுட்'னு சொன்னேன். அவர் முகமே மாறிடுச்சு. எந்த நம்பர் தப்புன்னு கேட்டார். அதிலிருந்து மீட்டிங்ல நான் வாயே திறக்கறதில்லை."

அவள் இலக்கணத்தில் தப்பே இல்லை. சிக்கல் அந்த ஒரு சொல்லில்தான். புரியாததைக் கேட்பதும் நமக்குச் 'சந்தேகம்', நம்பாமல் பார்ப்பதும் 'சந்தேகம்'. பள்ளிக்கூடத்தில் 'சார், ஒரு டவுட்' என்று கை தூக்கியே வளர்ந்தோம். அமெரிக்கர் காதில் 'டவுட்' என்றால் நம்பிக்கை இல்லை என்றே பெரும்பாலும் விழும். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்றால் வேலை முடிந்தது.

இப்படி மாட்டிவிடும் இன்னும் சில சொற்கள்:

ப்ரீபோன்: மீட்டிங்கை முன்கூட்டியே வைப்பதற்கு நாம் சொல்வது. இந்திய ஆங்கிலத்தில் இது சரிதான். ஆனால் வெளிநாட்டவர் பலருக்குப் புரியாது. 'கேன் வி மூவ் இட் அப் டு மண்டே?' என்று கிழமையோடு கேளுங்கள்.

ரிவர்ட்: 'பதில் சொல்கிறேன்' என்ற பொருளில் மெயிலில் எழுதுகிறோம். பழைய நிலைக்குத் திரும்புவது என்பதே இதன் வழக்கமான பொருள். 'ஐ வில் கெட் பேக் டு யூ பை ஃப்ரைடே' என்பது தெளிவு.

டிஸ்கஸ் அபவுட்: 'பற்றிப் பேசுவோம்' என்பதன் நேர் மாற்று. 'டிஸ்கஸ்' என்ற சொல்லிலேயே 'பற்றி' அடங்கிவிட்டது. 'லெட்ஸ் டிஸ்கஸ் த பட்ஜெட்' போதும்.

பால்பார்க் ஃபிகர்: பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். இந்தத் தொடருக்கு 'உத்தேசக் கணக்கு' என்று பொருள். இதைக் கேட்டால் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு இரண்டு நாள் கழித்துத் தர வேண்டாம். சுமாராக ஒரு தொகையை அப்போதே சொன்னால் போதும்.

டேபிள்: 'லெட்ஸ் டேபிள் இட்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால், இதை இப்போதே பேசுவோம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால், தள்ளி வைப்போம் என்று பொருள். நேர் எதிர்!

இந்தச் சொல்லால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடந்த கூத்தை, பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு விஷயத்தை அவசரமாகப் பேச விரும்பி 'டேபிள்' செய்யலாம் என்றார்கள். முக்கியமான விஷயத்தைக் கிடப்பில் போடுவதா என்று அமெரிக்க அதிகாரிகள் எதிர்த்தார்கள். நீண்ட நேரம் காரசாரமாக வாக்குவாதம் நடந்தது. இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஒரு சொல்லில் இப்படி முட்டிக்கொண்டால், நமக்கு ஒரு சொல் தடுக்கியதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

அக்கா மகளுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன்: 'ஜஸ்ட் டு பி ஷ்யூர், டூ யூ மீன்...?' நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பணிவாகக் கேட்கும் வாக்கியம் இது. எந்த நாட்டவரிடமும் கேட்கலாம், யாருக்கும் கோபம் வராது.

நேற்று போன் செய்தாள். "இன்னிக்கு மூணு கேள்வி கேட்டேன் சித்தி. கடைசியில அவரே 'குட் கொஸ்டின்'னு சொன்னார்."

உங்கள் அலுவலகத்தில் உங்களை மாட்டிவிட்ட சொல் எது? எழுதுங்கள். அடுத்த வாரம் பேசுவோம்.