பப்ஜிக்கு முன்னாலும் கத்தி இருந்தது

2025 அக்டோபர் 14 அன்று பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் 16 வயது மாணவி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். கைதானவன் அதே பள்ளியில் படித்த 14 வயதுப் பையன். அந்த வாரமே சமூக ஊடகமும் வீடியோ கேமும் அமைச்சர்கள் பேச்சிலும் மாமாக் கடை மேசையிலும் ஒன்றாக ஏறிவிட்டன. அந்தப் பையன் ஏன் செய்தான் என்பதை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது நம்மைப் பற்றி. ஒரு பிள்ளை செத்த மூன்றாம் நாளே "எல்லாம் இந்த கேம் பண்ற வேலைதான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிற நம் அவசரத்தைப் பற்றி.

இது புதிய அவசரமும் இல்லை. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்த 51 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். சில நாட்களில் நெகிரி செம்பிலான் முஃப்தி பப்ஜியைத் தடை செய்ய வேண்டும் என்றார். கொன்றவனோ நீளமாக ஓர் அறிக்கை எழுதி வெளியிட்டிருந்தான். குடியேறிகள் மீதும் முஸ்லிம்கள் மீதும் அவனுக்கிருந்த வெறுப்பு அதில் பக்கம் பக்கமாகக் கிடந்தது. கேம் தன்னைக் கெடுத்ததா என்ற கேள்வியை அவனே அதில் கேலி செய்திருந்தான். காரணத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுக் கொன்றவனிடமும் நாம் கேமைத்தான் தேடினோம்.

நான் வேலை பார்க்கும் துறையில் ஒரு இயந்திரம் கோளாறானால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்கச் சொல்வார்கள். ஃபியூஸ் போய்விட்டது என்பது முதல் 'ஏன்'. அதோடு நிறுத்திப் புது ஃபியூஸ் போட்டவன் அடுத்த வாரமும் அதே இயந்திரத்தின் முன்னால் நிற்பான். கேம் விஷயத்தில் நாம் முதல் 'ஏன்'-ஐக்கூடத் தாண்டுவதில்லை.

சரி, பாதிப்பே இல்லையா? "சும்மா பொழுதுபோக்குதானே பிரதர்" என்று தோளைக் குலுக்கும் கேமர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 2020-இல் அமெரிக்க உளவியல் சங்கம் தன் நிலைப்பாட்டை மறுபடி தெளிவுபடுத்தியது. வன்முறை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு ஒன்று தெரிகிறது. ஆனால் கொலை, தாக்குதல் போன்ற நிஜ வன்முறைக்கு கேம்களைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனின் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரையும் அவர்கள் பெற்றோரையும் கேட்டுச் செய்த ஆய்வில், வன்முறை கேமுக்கும் பிள்ளைகளின் முரட்டு நடத்தைக்கும் தொடர்பே தென்படவில்லை. ஆக, விவாதம் நடப்பது கத்துவதையும் தள்ளுவதையும் பற்றி. கொலையைப் பற்றி அல்ல. ஜப்பான்காரனும் கொரியாக்காரனும் விளையாடாத கேமா? உலகத்திலேயே கொலை மிகக் குறைவாக நடக்கும் நாடுகளில் அவையும் இருக்கின்றன.

தணிக்கை வேண்டும் என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. இதுவரை நம் கத்தரிக்கோல் எதை வெட்டியிருக்கிறது?

2017 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் ஸ்டீம் தளத்தையே முடக்கியது. ஆயிரக்கணக்கான கேம்கள் விற்கும் தளம். தலை வெடிக்கும், குடல் சரியும் கேம்கள் அதில் வரிசையாக நின்றன. முடக்கியது அவற்றுக்காக இல்லை. இயேசுவும் புத்தரும் கிரேக்கத் தெய்வங்களும் சண்டை போட்டுக்கொள்ளும் 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்ற ஒரு கேமுக்காக. அதை மலேசியக் கடையிலிருந்து எடுத்ததும் தளம் திறந்துவிட்டது. குடல் சரியும் கேம்கள் அப்படியே இருந்தன. பக்கத்தில் சிங்கப்பூரில் 2007 நவம்பரில் 'மாஸ் எஃபெக்ட்' தடையானது. துப்பாக்கியோடு கிரகம் கிரகமாகச் சுடுகிற கேம்தான். ஆனால் சுட்டதற்காகத் தடை இல்லை. ஒரு மனிதப் பெண்ணும் வேற்றுக்கிரகப் பெண்ணும் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சிக்காக. எதிர்ப்பு வந்ததும் 18 வயது முத்திரையோடு உடனே விட்டுவிட்டார்கள்.

இரண்டு நாடுகளிலும் அதிகம் பேசப்பட்ட இந்த இரண்டு கேம் தடைகளுக்கும் வன்முறையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நாம் கத்தரிக்கோலைக் கொடுப்பது ரத்தத்தை வெட்ட. அது போய் வெட்டுவது சாமியையும் முத்தத்தையும்.

ரத்தத்தை வெட்டும்போது என்ன லட்சணம் என்பதற்கு 'கபாலி' இருக்கிறது. 2016-இல் வந்த, நம் நாட்டுத் தமிழர்களின் குண்டர் கும்பலைப் பற்றிய படம். உலகம் முழுக்கக் கடைசிக் காட்சி சந்தேகத்தில் முடிய, இங்கே மட்டும் கபாலி போலீசில் சரணடைந்தான் என்று திரையில் எழுத்து ஓடியது. இரண்டரை மணி நேரத் துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒரு வரிப் பரிகாரம். அதை வாசித்துவிட்டு எந்த ஊர்ப் பையன் எந்தக் கும்பலை விட்டு விலகினான்?

(இலக்கிய வாசகர்களுக்காக ஓர் இடைச்செருகல். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களை வைத்துக் கூழ் சமைத்துக் குடிக்கின்றன. அதை அப்படியே கிராபிக்ஸில் ஏற்றி கேமாக விட்டால் முதல் ஆளாகத் தடை கேட்பது, மேடையில் ஜெயங்கொண்டாரைப் புகழ்ந்து மாலை வாங்கிக்கொள்பவராகத்தான் இருப்பார்.)

கும்பல் என்றதும் நம் கதைக்கு வந்துவிடுவோம். தமிழ்ப்பள்ளிகளில் நடக்கும் தன்முனைப்பு முகாம்களில் கேம் பற்றிய பகுதி இப்போது கட்டாயம் போல ஆகிவிட்டது. திரையில் துப்பாக்கிப் படம், அடுத்து சிறைச்சாலைப் படம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,000-க்கும் மேல். அதில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இந்தியர்கள். நாட்டின் மக்கள் தொகையில் நாம் 7 விழுக்காடு. பப்ஜி வெளிவந்தது 2017-இல், மொபைல் லெஜண்ட்ஸ் 2016-இல். சைபர் கஃபேயில் கவுண்டர் ஸ்ட்ரைக் இருந்ததே என்பீர்கள். அது கடைக்கு வந்தது 2000-இல். 04, 08, 36 என்று எண்களைப் பெயராக வைத்துக்கொண்ட கும்பல்கள் அதற்கும் மூத்தவை.

அந்தப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகின. லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பம் புறம்போக்குக் குடிசைக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போனது. அப்பாவுக்குப் பால்மரம் வெட்டத் தெரியும். நகரத்தில் பால்மரம் இல்லை. இடைநிலைப்பள்ளியில் கடைசி வகுப்பில் உட்கார்ந்திருந்த பையனை வந்து "தம்பி" என்று கூப்பிட்ட முதல் ஆள் கும்பல்காரன். அடிபட்டால் வந்து நின்றான், செத்தால் சவ ஊர்வலத்தில் எண் போட்ட கொடி பிடித்தான். மரியாதை என்று ஒன்று இருப்பதை அந்தப் பையன் அங்கேதான் முதலில் பார்த்தான். இந்தக் கதையில் கேமை எந்த இடத்தில் வைப்பீர்கள்?

கேமைத் திட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது. கேம் நிறுவனம் சீனாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறது; திருப்பித் திட்டாது. கும்பலைப் பற்றிப் பேசினால் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர் யார் என்று பேச வேண்டிவரும். கடைசி வகுப்புப் பையனைப் பற்றிப் பேசினால் பள்ளியைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

அதற்காக கேம் நிறுவனங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களைக் கூண்டில் ஏற்ற வேறு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன.

முதலாவது பணம். டைமண்ட் வாங்கி, அதைப் போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றினால் அரிய ஸ்கின் ஒன்று விழலாம். விழும் வாய்ப்பு ஒரு விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 100 தடவை சுற்றினால் கிடைத்துவிடும் என்று பிள்ளை நினைக்கும். பெரியவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். கணக்கு வேறு: 100 தடவை சுற்றியும் ஒன்றும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 36.6 விழுக்காடு. மூன்றில் ஒரு பிள்ளைக்கும் மேல் வெறுங்கையோடு எழுந்து, இன்னொரு டாப்-அப்புக்கு அம்மா போனைத் தேடும். நம்பர் கடையில் நாலு நம்பர் எடுக்க 12 வயதுப் பையனை விடமாட்டோம். இதை மட்டும் விளையாட்டு என்கிறோம். பெல்ஜியம் 2018-லேயே காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது. வாய்ப்பு விகிதத்தை வெளியிட்டே ஆகவேண்டும் என்று சீனா 2017-இலும் தென் கொரியா 2024-இலும் சட்டம் போட்டன.

இரண்டாவது அரட்டை. 2023-இல் சிங்கப்பூர் உள்துறை அமைச்சு, தீவிரவாதத்தில் சிக்கிய 16 வயது மாணவன் ஒருவனைப் பற்றி அறிவித்தது. ராப்லாக்ஸில் ஐஎஸ் அமைப்பைப் போலவே அமைத்திருந்த சர்வர்களில் சேர்ந்து, அந்த கேமுக்குள்ளேயே அதன் 'தலைவனுக்கு' விசுவாச உறுதிமொழி எடுத்திருந்தான். ராப்லாக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். கட்டைப் பொம்மைகள், பளிச்சென்ற நிறங்கள். ரத்தத்தை அளந்து முத்திரை குத்தும் எந்த அதிகாரியும் அதைக் குழந்தைகள் பக்கம்தான் தள்ளுவார். ஆபத்து படத்தில் இல்லை, ஹெட்போனுக்குள் பேசும் ஆளிடம் இருக்கிறது. நம் தாமானில் "தம்பி" என்று கூப்பிட்டவன் இப்போது அங்கேயும் கூப்பிடுகிறான், அவ்வளவுதான்.

எனவே வயது முத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரில் 2008 முதல் இருக்கிறது, இங்கேயும் வரட்டும். ஆனால் நேரத்துக்குப் பூட்டு, மொத்தத் தடை என்று கிளம்புகிறவர்கள் கொரியாவைக் கொஞ்சம் பார்க்கட்டும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஆன்லைனில் விளையாடக் கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். பத்து வருஷம் வைத்திருந்துவிட்டு 2021-இல் கைவிட முடிவெடுத்தார்கள். பிள்ளைகள் பூட்டு இல்லாத கைத்தொலைபேசிக்கு எப்போதோ மாறிவிட்டிருந்தார்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தன்முனைப்புப் பேச்சாளர் துப்பாக்கிப் படத்தைத் திரையில் போட்டதும் யாராவது கை தூக்கிக் கேட்க வேண்டும்: இந்த கேமில் என் பிள்ளையோடு யார் யார் பேச முடியும்? அந்தப் பேச்சை எங்கே போய் நிறுத்துவது? ஒரு ஸ்கின்னுக்கு எத்தனை ரிங்கிட் போகிறது? அவர் முழித்தால், பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நான்காம் ஆண்டுப் பையனைக் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சொல்வான்.