நலவாழ்வுப் பகுதி: தாய்வீட்டில் தங்கிய சீட்டு

எம் இல்லாள் இரண்டாம் பேற்றுக்குக் கும்பகோணத்திலுள்ள தாய்வீட்டிற்குச் சென்றிருந்தபோது, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாக அங்கே மருத்துவர் கூறினார். மகவு பிறந்ததும் அது தணிந்தது. வந்த விருந்தாளி விடைபெற்றான் என்று மகிழ்ந்து நாகபுரிக்குத் திரும்பினோம். சோதனைச் சீட்டு மாமியாரின் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

எட்டாண்டு கழித்துத் தலைசுற்றல் என்று இங்கே மருத்துவரிடம் சென்றபோது, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் ஏறியிருந்தன. "இடையில் ஒரு முறையேனும் சோதித்தீர்களா?" என்றார் அவர். வண்டி ஓட்டுவோரின் உடற்சோதனைத் தவணைகளை ஏட்டில் பதிவது எம் அலுவல். வீட்டிலிருப்பவருக்கு அத்தகைய ஏடு எதையும் நாம் வைத்ததில்லை.

இக்கூட்டு நோயை அறிய ஐந்து அளவைகள் உள. பெண்களுக்கு அவை வருமாறு: இடுப்பின் சுற்றளவு 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம் அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தம் 130க்கு 85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பு 50க்குக் கீழ். இவற்றுள் மூன்று பொருந்தினாலே நோய் உண்டென்று கொள்வர். இடுப்பளவைக் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் எடுத்தல் வேண்டும். பாவாடை கட்டும் இடத்தில் எடுத்தால் கணக்குத் தவறும்.

மெலிந்தவராகத் தோன்றுவோரும் ஏமாறலாகாது. நம் நாட்டவருக்கு உடல் எடை மிகாமலே வயிற்றினுள் கொழுப்பு சேர்வதுண்டு. அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. பேறுகாலத்தில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ ஏறியவர், சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்குத் தவறுவோர், மாதவிலக்கு நின்றவர் ஆகியோர்க்கு அபாயம் மிகுதி.

வாழ்க்கை முறையும் ஒரு காரணமே. ஊரில் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தவர், இங்கே மூன்றாம் மாடியில், பாஷை தெரியாமல் வீட்டோடு அடைபடுகிறார். அனைவரும் உண்டபின், எஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றி இரவு பத்து மணிக்கு அவரே உண்கிறார். அதைச் சிக்கனம் என்று பாராட்டியவர்களுள் நாமும் ஒருவர்.

சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீரிழிவின் விளிம்பில் இருந்தோர் உணவையும் நடையையும் திருத்திக்கொண்டபோது, நோய்க்கு ஆளாகும் அபாயம் நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. பேறுகாலச் சர்க்கரை கண்டவர், மகவு பிறந்த ஆறு வாரங்களுக்குப் பின் ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளல் நலம். ஊரில் பேறு முடித்துத் திரும்பும் சகோதரிகள், குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு தம் சீட்டையும் மறவாது எடுத்து வருக.

எம் இல்லாள் இப்போது அண்டை வீட்டு மராத்தி அம்மையாருடன் காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். மராத்தியும் கொஞ்சம் வருகிறது. இடுப்பளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை தொடர்கிறது. கும்பகோணத்துச் சீட்டைச் சென்ற வாரந்தான் மைத்துனர் தபாலில் அனுப்பி வைத்தார்.