உப்புக் காற்றுக்கு ஷாம்பு மருந்தல்ல

அந்தமானின் ஜங்லிகாட்டில் கார் வைத்திருப்பவர்களிடையே ஒரு பேச்சு நிலைபெற்றுவிட்டது. "வாஷ் அண்ட் வேக்ஸ் வாங்கிப் போடுங்கண்ணே, கழுவுறப்பவே மெழுகும் ஏறிடும், உப்புக் காத்து ஒண்ணும் செய்யாது" என்கிறார்கள். உதிரிபாகக் கடையில் சொல்கிறார்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் சொல்கிறார்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வண்டி இறக்கியவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் முதல் அறிவுரையும் இதுதான். இந்தப் பேச்சில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசியை நம்பினால் இந்தத் தீவில் வண்டி வைத்திருப்பவருக்குப் பெரிய நட்டம் வரும். அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

கால்வாசியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இந்த வகை ஷாம்பு, ஷாம்பு என்ற அளவில் நல்லதுதான். நுரை வழுவழுப்பாக இருப்பதால் மணல் துகள் துணியில் சிக்கிப் பெயின்ட்டைக் கீறுவது குறைகிறது. காய்ந்ததும் மினுக்கம் தெரிகிறது, கை வைத்தால் வழுக்குகிறது. துணி துவைக்கும் தூளையோ பாத்திரம் தேய்க்கும் திரவத்தையோ கரைத்துக் கார் கழுவுவதைவிட இது எவ்வளவோ மேல். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு விற்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நிறுத்துவதில்லை. "இனி தனியா வேக்ஸ் போட வேணாம்" என்கிறார்கள். இங்கேதான் முதல் சிக்கல்.

எண்ணெய்ப் பசையைப் பற்றிப் பிடித்து, நீரோடு சேர்த்து ஓடவைப்பது சோப்பின் வேலை. மெழுகும் எண்ணெய்ப் பசை இனத்தைச் சேர்ந்ததுதான். கார் மெழுகுகளில் பேர்போனது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை மரத்தின் ஓலையிலிருந்து அதை எடுக்கிறார்கள். நீரில் கரையாது, 80 டிகிரி வெப்பத்தைத் தாண்டித்தான் உருகும். அப்படிப்பட்ட பொருளைப் பாட்டிலுக்குள் நுண்துளிகளாக மிதக்கவைப்பதற்கே சோப்பு இனப் பொருள்தான் தேவைப்படுகிறது. கார்னோபாவோடு சேர்த்தோ அதற்குப் பதிலாகவோ சிலிகோன் பாலிமர் கலந்த தயாரிப்புகளும் உண்டு. நிறைய நீர் விட்டு அலசும்போது இந்த நுண்துளிகளில் ஒரு பங்கு பிரிந்து பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும், மீதி வழிந்து போகும். தலைமுடிக்கு ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றாகக் கலந்து 1987இல் அமெரிக்காவில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் இறக்கிய பெர்ட் ப்ளஸ்ஸும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்தது. முடியில் படிந்த பசை அடுத்த குளியல்வரை இருந்தால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கார் அப்படியல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் பக்கெட்டில் 50 மில்லி ஷாம்பு ஊற்றுகிறோம். அதில் ஐந்து சதவீதம் மெழுகு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 2.5 கிராம்தான் வருகிறது. சிறிய காரின் வெளிப்பரப்பைச் சுமார் 10 சதுர மீட்டர் என்று வைத்தால், அந்த 2.5 கிராமும் ஒரு சொட்டு வீணாகாமல் ஒட்டினால்கூடக் கால் மைக்ரான் கனம்தான் தேறும். நிஜத்தில் பெரும்பகுதி பக்கெட்டிலும் தரையிலும் போய்விடுகிறது. வண்டியின் பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து 100 மைக்ரான் அளவில் இருக்கும். அதன்மேல் இந்தப் படலம் எந்த அளவுக்குக் கவசமாக இருக்கும் என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கணக்கோடு விடாமல் செய்தும் பார்த்தேன். பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதியைச் சாதாரண ஷாம்புவாலும் மறு பாதியை இந்த இரட்டை ஷாம்புவாலும் கழுவினேன். கூரையின் ஒரு பாதியில் மட்டும் டப்பா வேக்ஸைக் கையால் தேய்த்து மெருகேற்றி வைத்தேன். வண்டி நின்றது வழக்கம்போலத் திறந்தவெளியில், ஜெட்டிப் பக்கக் காற்று வாங்கும் இடத்தில். கழுவிய அன்று பானெட்டின் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. இரட்டை ஷாம்பு போட்ட பக்கத்தில் தண்ணீர் நிற்காமல் உருண்டது. நல்ல மழை சில பெய்து, வெயிலும் காய்ந்த பிறகு இரண்டு பாதியும் ஒன்றுபோல ஆகிவிட்டன. கூரையில் டப்பா வேக்ஸ் போட்ட பாதி மட்டும் அதன்பிறகும் நெடுநாள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வேக்ஸ் இருந்த அந்த இடத்தில் இரட்டை ஷாம்புவைப் போட்டபோதுதான் அதன் பயனும் கூடுதலாகத் தெரிந்தது. ஏற்கெனவே இருக்கும் மெழுகைக் கொஞ்சம் புதுப்பிக்க அது உதவும். மெழுகே இல்லாத இடத்தில் மெழுகாக நிற்காது.

அடுத்த வாதம், "தண்ணி முத்து முத்தா நிக்குதே, அதைவிட என்ன சாட்சி வேணும்?" என்பது. பரப்பு நீரை வெறுக்கிறது என்பதற்கு மட்டும்தான் முத்து சாட்சி. உப்பையோ வெயிலின் புற ஊதாக் கதிரையோ அது தடுக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. கடலோரத்தில் முத்தாக நிற்பதிலேயே ஒரு கெடுதலும் உண்டு. பரவி ஓடிவிடாமல் நின்ற துளி அதே இடத்தில் காய்கிறது. அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணமும் ஒரு புள்ளியில் திரண்டு வட்டக் கறையாகப் படிகின்றன. கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கறை நன்றாகத் தெரியும். கழுவியதும் மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடைத்துவிடுங்கள். முத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டு வெயிலில் விடாதீர்கள்.

இனி முக்கியமான வாதத்துக்கு வருகிறேன்: "உப்புக் காத்துக்குத் துரு பிடிக்காது." இதைத்தான் நான் அடியோடு மறுக்கிறேன்.

இந்த ஊரில் வண்டி எங்கே துருப்பிடிக்கிறது என்று டிங்கரிங் பட்டறையில் போய் நின்று பாருங்கள். வெட்டிப் போட்டிருக்கும் தகடுகளைப் புரட்டிப் பாருங்கள். கதவின் அடி மடிப்பு, ரன்னிங் போர்டின் உட்புறம், மட்கார்டின் உள்வளைவு, அடித்தளத் தகட்டில் ஸ்பாட் வெல்டு வைத்த இணைப்புகள், சைலன்சர், பிரேக் குழாய், சஸ்பென்ஷன் போல்ட்டுகள். கல்லடி பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தைத் தவிர, பளபளவென்ற வெளிப்பரப்பில் துரு தொடங்குவது அபூர்வம். வெளியே பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். ஷாம்பு படும் இடத்தில் துரு இல்லை, துரு இருக்கும் இடத்தில் ஷாம்பு படுவதில்லை.

ஏன் அங்கே? காரணம் உப்பின் குணத்தில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூட வேண்டாம், சுமார் 33 சதவீதமே போதும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி காற்று 75ஐத் தாண்டித்தான் இருக்கிறது. அதாவது மழையே பெய்யாத நாளிலும், காய்ந்த ரோட்டில் போன வண்டியின் அடியிலும், படிந்த உப்பு ஈரமாகவே இருக்கிறது. ஈரமும் உப்பும் ஆக்சிஜனும் ஒன்றாக இருந்தால் இரும்பு அரிக்கும். இரவு பகல் பாராமல் அரிக்கும்.

"இங்க எட்டு மாசம் மழை, மழையே கழுவிடும்" என்ற துணைவாதமும் இங்கேதான் விழுகிறது. தீவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, உண்மைதான். அது கூரையையும் பானெட்டையும் கழுவுகிறது. கடலோரக் காற்றில் மழை படும் பரப்பைவிட மழை மறைந்த பரப்பே அதிகம் அரிக்கும் என்பது அரிப்பியல் படித்தவர்களுக்குப் பழைய பாடம். மழை, படிந்த உப்பை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மறைவிடத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. ஆக, ஷாம்பு போடும் பாகத்துக்கு மழையின் துணை ஏற்கெனவே இருக்கிறது. எந்தத் துணையும் இல்லாத அடிப்பாகத்தை நாமும் கைவிடுகிறோம்.

ஜங்லிகாட்டுக்கென்று கூடுதலான ஆபத்துகளும் உண்டு. மீன் இறங்குதுறை இருக்கும் இடம் இது. பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் உப்பும் மீன் கழிவுமாகச் சாலையில் ஓடுகிறது, அதன்மேல்தான் எல்லா வண்டியும் போகிறது. மீன் ஏற்றும் சிறு லாரிகளின் படுக்கைத் தகடு எவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகிறது என்பதை ஓட்டுநர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சாத்தமிலிருந்து பேம்பூஃபிளாட்டுக்கோ, மிடில் ஸ்ட்ரெய்ட்டிலிருந்து பாரட்டாங்குக்கோ படகில் வண்டி ஏற்றிப் போகும்போது கடல்நீரில் நனைந்த சரிவுப் பாதையில் சக்கரம் உருள்கிறது. அடியில் தெறிக்கும் அந்த நீரை வாஷ் அண்ட் வேக்ஸால் என்ன செய்ய முடியும்?

உப்போடு நம் ஆட்கள் நிஜமாகவே எப்படிப் போராடினார்கள் என்பதற்குப் பாம்பனைப் பார்க்கலாம். 1914இல் திறந்த ரயில் பாலம் இடைவிடாத பராமரிப்பிலும் பெயின்ட்டிலும்தான் நூறாண்டு தாண்டியது. கடைசியில் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், இறுகிப் படியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து ஆண்டுக்கணக்கில் அரிப்பை அளந்திருக்கிறது. உப்பைத் தடுப்பது இவ்வளவு பெரிய வேலை. கழுவி விடும் நுரையில் அது நடந்துவிடும் என்று நம்பச் சொல்வது மக்களின் பணத்தோடு விளையாடுவது.

மெழுகு துருவைத் தடுக்காது என்று நான் சொல்லவில்லை. தடுக்கும், இடம் மாறிப் போட்டால். ரன்னிங் போர்டின் உட்குழிவிலும் கதவின் உட்புறத்திலும் நீண்ட குழாய் முனையால் பீச்சுகிற கேவிட்டி வேக்ஸ் என்று ஒன்று உண்டு. கெட்டியாக, பிசுபிசுப்பாகப் படிந்து, மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய் ஈரத்தைத் தள்ளும். யார் கண்ணுக்கும் தெரியாது, பளபளக்காது, அதனாலேயே கேட்டு வாங்குவோர் குறைவு. கப்பலில் தகடும் பாகமும் வரவழைத்து மாற்றும் செலவை ஒருமுறை பார்த்தவர்கள், அந்தப் பணத்தில் எத்தனை தடவை கேவிட்டி வேக்ஸும் அண்டர்பாடி கோட்டிங்கும் அடித்திருக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். ஒரு எச்சரிக்கை: ஈரமும் உப்பும் உள்ளே இருக்கும்போதே கோட்டிங் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். நன்னீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே அடிக்க வேண்டும்.

"ரெண்டு வேலை ஒண்ணா முடியறதால தண்ணி மிச்சம்" என்கிறார்கள். வேனிலில் தனிகாரி அணையின் மட்டம் இறங்கி, குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று நாம் காத்திருக்கும் ஊரில் இது மனதைத் தொடும் வாதம்தான். ஆனால் வேக்ஸ் போடத் தண்ணீர் வேண்டியதே இல்லையே! அதைத் துணியால் தேய்த்துத் துணியால் துடைக்கிறோம். மிச்சம் செய்ய அங்கே ஒன்றுமில்லை. குறைவான தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதை மேலே ஊற்றாமல் அடியில் அடியுங்கள். மேலே ஈரத்துணியால் துடைத்தால் சில கீறல் விழலாம், துருவோடு ஒப்பிட்டால் அது பெரிய கெடுதல் இல்லை.

கடைசி வாதம், பாட்டிலில் 'மக்கும்' என்று போட்டிருப்பதைக் காட்டி வாய்க்காலில் விடலாம் என்பது. எளிதில் மக்கும் என்று சான்று தரும் சோதனைகள் 28 நாள் கால அளவில் நடப்பவை. ஜங்லிகாட்டின் சரிவில் கழுவிய நுரை கடலைச் சேர நிமிடங்கள் போதும். சோப்பு இனப் பொருட்கள் சில ஒரு லிட்டர் நீரில் சில மில்லிகிராம் இருந்தாலே மீனின் செவுளைப் பாதிக்கும். அந்தக் கடலிலிருந்துதான் நம் இறங்குதுறைக்கு மீன் வருகிறது. வீட்டு வாசலில் கழுவுவதானால் மண் தரையிலோ புல்வெளியிலோ வண்டியை நிறுத்திக் கழுவுங்கள், வாய்க்கால் ஓரத்தில் வேண்டாம்.

வாட்டர் சர்வீஸ் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைப் பலகையில் 'வேக்ஸ் வாஷ்' என்று மேலே எழுதி அதற்குக் கூடுதல் காசு வாங்குவதற்கு முன், 'அடிப்பாகம் நன்னீர் அலசல்' என்று முதல் வரியில் எழுதுங்கள். லிஃப்ட்டில் ஏற்றி மட்கார்டு உள்வளைவையும் ரன்னிங் போர்டின் அடியையும் அடித்துக் கழுவிக் கொடுங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்தி அடைப்பெடுத்து விடுங்கள். வண்டிக்காரர்களும் கேட்டு வாங்க வேண்டும். படகில் கடந்து வந்த அன்றைக்கே, மீன் வண்டியானால் தினமும், அடியில் நல்ல தண்ணீர் படட்டும். கையில் இருக்கும் வாஷ் அண்ட் வேக்ஸ் பாட்டிலைத் தூக்கியெறிய வேண்டாம். தீரும்வரை ஷாம்புவாகப் பயன்படுத்துங்கள். அடுத்த பாட்டிலுக்கு எடுத்துவைத்த பணத்தைக் கேவிட்டி வேக்ஸுக்குக் கொடுங்கள்.