காரைவீட்டுக்கு ஒரு நியாயம், கூரைவீட்டுக்கு ஒரு நியாயம்

பழைய வீடுகளை இடிக்கக் கூடாது, அவை நம் பண்பாட்டின் சாட்சிகள் என்று ஊர் ஊராகப் பேச ஆள் கிளம்பியிருக்கிறது. நல்ல பேச்சுதான். குத்தாலத்துச் சீசனுக்கு வருகிறவர்கள் சாரலில் நனைந்துகொண்டே தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைத் தெருக்களில் மரத்தூண் வைத்த வீடுகளைப் படம் பிடிக்கிறார்கள். ‘ஐயோ, இதையெல்லாம் இடிச்சிட்டிருக்காங்களே’ என்று உச்சுக்கொட்டுகிறார்கள். அந்த உச்சுக்கொட்டல் குத்துக்கல்வலசையில் எங்க தெருமுனை வரைக்கும் வந்து நின்னுபோகுது. உள்ளே வராது. உள்ளே இருப்பது பழைய வீடு இல்லையாம், பழுதான வீடாம். காரைவீடு வயசானால் பாரம்பரியம். கூரைவீடு வயசானால் கணக்கெடுக்க வருகிற அதிகாரியின் தாளில் ‘இடிக்கத் தக்கது’.

எங்க வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். தாத்தா கட்டினப்போ மண்சுவர், பனையோலைக் கூரை, சாணி மெழுகின தரை. குனிஞ்சுதான் உள்ளே போகணும். எங்க ஐயா காலத்தில் ஓலை போய் ஓடு வந்தது. புது ஓடு இல்லை. ஊருக்குள் யாரோ பெரியவீட்டை இடித்துக் கட்டியபோது வேண்டாமென்று ஒதுக்கின சீமையோடு. வண்டிக்கூலி மட்டும் கொடுத்து ஏத்திக்கிட்டு வந்தார். ஓட்டைத் தாங்க மண்சுவர் காணாது என்று முன்பக்கம் மட்டும் செங்கல். அதுக்கு அத்தையோட கம்மல் போச்சு. குடிசைக்கு ஒரு விளக்கு வந்த வருசம் சுவத்தைக் குடைஞ்சு கம்பி இழுத்தாங்க. பெரியக்கா வயசுக்கு வந்ததும் பக்கத்தில் ஒரு தாழ்வாரம், அதுக்கு ஆஸ்பெஸ்டாஸ் தகடு. நான் படிச்சு வேலைக்குப் போன பிறகு தரைக்குச் சிமெண்டு. கலைஞர் கொடுத்த இலவசத் தொலைக்காட்சிக்கு ஒரு திட்டு. ஒரு வீட்டுக்குள் ஆறு வீடு இருக்கு.

கட்டடக்கலை படித்த ஒரு தம்பி வந்து இந்த வீட்டை நாடாவைப் பிடிச்சு அளந்தான். நல்ல பையன். கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டுச் சொன்னான்: “அண்ணாச்சி, மண்சுவர் மட்டும் இருந்திருந்தா இதப் பத்தி எழுதியிருக்கலாம். ரொம்ப மாத்திட்டீங்களே. மூல வடிவம் போயிருச்சு.”

இந்த ‘மூல வடிவம்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மூல வடிவம் யாரிடம் இருக்கும்? மாற வேண்டிய அவசியமே வராதவனிடம் இருக்கும். தேக்கும் கருங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு, நிலமும் ஆளும் அடிமையாகக் கிடந்த காலத்தில் கட்டினவனுக்கு எதை மாற்றணும்? ஓலை வீட்டுக்காரன் ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா வேய்ஞ்சே ஆகணும். 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னச் சட்டம் நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயது கேட்கிறது. நூறு வருசம் நிக்கிற பனையோலை எந்த மரத்தில் காய்க்குது? ஆக, அளவுகோலைச் செய்யும்போதே எங்களைக் கழித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

மாறினால் பழைமை போய்விடும் என்பதும் பொய். தென்காசி காசி விசுவநாதர் கோயில் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. ஆனால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கோபுரம்? இடிந்து எரிந்து, பல தலைமுறை மொட்டையாக நின்று, 1990இல்தான் ஏறக்குறைய 180 அடிக்குப் புதிதாக எழும்பியது. எங்க வீட்டுத் தாழ்வாரத்தைவிட அது வயதில் இளையது. ‘உருமாறிப்போச்சு, பழைமை இல்லை’ என்று அதைப் பார்த்து எந்த நிபுணனாவது சொன்னானா? ஜப்பானில் இசே என்று ஒரு கோயில். இருபது வருசத்துக்கு ஒருமுறை மரத்தையெல்லாம் மாற்றிப் புதுசாகவே கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். அதையும் பழம்பெரும் கோயில் என்றுதான் உலகம் கும்பிடுகிறது. 1994இல் அதே ஜப்பானின் நாரா நகரில் நிபுணர்கள் கூடி, எல்லாப் பண்பாட்டின் மெய்ம்மையையும் ஒரே கோலால் அளக்க முடியாது என்று எழுதியும் வைத்தார்கள். அது ஏட்டில் கெடக்கு. சாமி வீட்டை மாற்றினால் திருப்பணி, நாங்கள் வீட்டை மாற்றினால் சிதைவு.

செட்டிநாட்டுக்குப் போய்ப் பாருங்கள். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014இல் ஏறிய பகுதி. அங்கே பல வளவுகள் விடுதிகளாகிவிட்டன. குளிரூட்டி, நீச்சல்குளம், வெள்ளைக்காரக் கக்கூஸ் எல்லாம் வந்தாச்சு. அங்கே மட்டும் ‘மூல வடிவம்’ போகாதாம்! பணம் செய்கிற மாற்றத்துக்குப் பேர் மறுவாழ்வு.

நாங்கள் ஏன் மாற்றினோம், எப்போது மாற்ற முடிந்தது என்பதில்தான் எங்க சரித்திரம் கெடக்கு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கசாதியார் எங்கள் மக்கள்மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது அதில் ஒன்று. மீறினபோது குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து நொறுக்கியது எதை? மின்விசிறியை, தொலைக்காட்சிப் பெட்டியை, தையல் மிஷினை. வெளிநாடு போய்ச் சம்பாதித்து நிமிர்ந்த வீடுகள் அவை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையும் தீயுமாகப் போனது எதற்காக? ஒரு காதல் கல்யாணம் சாக்கு. காலனி வீட்டில் பீரோவும் மோட்டார் சைக்கிளும் இருந்தது கண்ணை உறுத்தியது. நம்ம வீடு மாறுவதைச் சகிக்காதவன் ஒருவன் தீப்பந்தத்தோடு வருகிறான், இன்னொருவன் அளவுநாடாவோடு வருகிறான். ரெண்டு பேரும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘நீ முன்னே இருந்தபடியே இருந்திருக்கணும்’ என்கிற ஆசை ரெண்டு பேருக்கும் பொது.

வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நாற்பத்து நான்கு பேர் உயிரோடு கொளுத்தப்பட்டது ராமய்யாவின் குடிசையில். தமிழ்நாட்டின் மிக முக்கியமான வீடு எது என்று என்னைக் கேட்டால் அந்தக் குடிசை என்பேன். அதைப் பாதுகாக்க வழியில்லை, சாம்பலாகிவிட்டது. அங்கே இப்போது இருப்பது நினைவுச் சின்னம். குடியிருக்கும் மனைகூட மிராசுக்குச் சொந்தமாயிருந்த காலம் அது. குடியிருப்பவருக்கே மனையுரிமை என்று சட்டம் வந்தது 1971இல்தான். மனையே நமக்கில்லாதபோது மாறாத வீட்டுக்கு எங்கே போக?

இங்கே, பக்கத்தில், 1981 பிப்ரவரி 19 அன்று ஒரு சேரியின் பெரும்பகுதி இஸ்லாத்துக்குப் போனது. மீனாட்சிபுரம். டெல்லி வரைக்கும் ஆடிப்போன முடிவு அந்தச் சின்னச் சின்ன வீடுகளுக்குள் உட்கார்ந்து எடுத்த முடிவு. அதில் ஒரு வீட்டையாவது குத்தாலத்துப் படக்காரர்கள் தேடிப் போவார்களா?

சரி, அப்ப எங்க வீட்டைக் காப்பாத்தணுமா, இடிக்கணுமா?

இடிக்கணும். தயங்காமல் சொல்லுதேன். தம்பியும் மயினியும் ரெண்டு பிள்ளைகளும் அதுக்குள்ள இருக்காக. ஐப்பசி மழைக்கு நாலு இடத்தில் சட்டி வைக்கணும். அரசாங்கத் திட்டத்தில் கான்கிரீட் வீட்டுக்குப் பேர் வந்திருக்கு. ஓட்டு வீட்டின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி அந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக்குக் கீழே சித்திரை வெயில் தணியிற வரைக்கும் படுத்துப் பார்க்கட்டும். குடியிருக்கிற வீட்டில் முடிவு குடியிருக்கிறவருடையது. எவனுடைய ஏக்கத்துக்காகவும் எங்க மயினி அருங்காட்சியகத்தில் அடுப்பெரிக்க முடியாது.

ஆனால் இடிப்பதும் நம் கையால் நடக்கணும், எழுதிவைத்துவிட்டு நடக்கணும். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்தின் ஆறாம் வட்டாரத்தை வெள்ளையருக்கான பகுதி என்று 1966இல் அறிவித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை விரட்டி, வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். இடிக்கிற வேலையில் இருந்த ஒருவர் தெருப் பெயர்ப்பலகைகளை எடுத்து ஒளித்துவைத்திருந்தார். 1994இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தபோது அந்தப் பலகைகள் வெளியே வந்தன. தரையில் விரித்த பெரிய வரைபடத்தில், தங்கள் வீடு இருந்த இடத்தில் மக்களே தங்கள் பெயரை எழுதினார்கள். வீடு இல்லை, ஆனால் சாட்சி இருக்கு. இடித்தவனின் வரைபடத்தில் இல்லாத சாட்சி.

இதைச் சொன்னால் நம்ம தோழர்கள் சிலர், ‘அப்போ பண்ணையார் வீட்டையும் அக்கிரகாரத்தையும் சேர்த்து இடிச்சிருவோம்’ என்கிறார்கள். வேண்டாம். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவை நிற்கட்டும். ஒரு செங்கல் குறையாமல், முழுசாக நிற்கட்டும். திண்ணையையும் தூணையும் மட்டும் மெழுகி வைத்துவிட்டுப் பின்பக்கத்தைப் பூசி மறைப்பதைத்தான் விடக் கூடாது. ஒவ்வொரு பெரிய தெருவுக்கும் பின்னால் ஒரு முடுக்கு உண்டு. வாளியும் தகரமும் சாம்பலுமாக நம்ம ஆத்தாமார் விடியுமுன்னே வந்துபோன முடுக்கு. எடுப்புக் கக்கூசின் பின்சுவரில் கை நுழைக்க ஒரு பொந்து உண்டு. களத்துமேட்டில் கட்டிவைத்து அடித்த மரம் உண்டு. கூலி நெல் அளக்கிற இடம் முற்றத்துக்கு வெளியே எத்தனை அடி தள்ளி என்று கணக்கு உண்டு. மூல வடிவம் வேணும்னா அதுதானய்யா மூல வடிவம்! எடுப்புக் கக்கூசுகளை 1993இல் சட்டம் தடைசெய்தது. 2013 சட்டம் அவற்றை இடிக்கவோ மாற்றவோ வேண்டும் என்றது. கட்டாயம் இடிக்கணும், ஒரு நாள்கூட ஒருத்தி அங்கே கைவைக்கக் கூடாது. இடித்த இடத்தில் பலகை வைக்கணும், இங்கே இன்ன பேருடைய பெண் இத்தனை வருசம் இந்த வீட்டு மலத்தை அள்ளினாள் என்று. தமிழ்நாட்டுப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த ஆணையத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான்: முகப்பைப் பட்டியலிடும்போது முடுக்கையும் பட்டியலிடு.

அம்பேத்கர் கடைசியாக வாழ்ந்து 1956 டிசம்பர் 6இல் கண்மூடிய டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீடு, பின்னால் வந்த உடைமையாளர்கள் கைக்குப் போய் இடிபட்டது. இப்போது அங்கே அரசியல் சாசனப் புத்தக வடிவில் 2018இல் திறந்த பெரிய கட்டடம் நிற்கிறது. பிரமாதமாகத்தான் இருக்கிறது. அவர் எழுதிய அறை மட்டும் இல்லை. 1921-22இல் அவர் தங்கிப் படித்த லண்டன் வீட்டை 2015இல் மகாராட்டிர அரசு வாங்கி நினைவகமாக்கியது. அங்கத்து நகரசபை, ஒரு குடியிருப்பு குறைகிறது என்று அனுமதி மறுத்தது. வழக்காடி 2020இல்தான் அனுமதி கிடைத்தது. குடியிருப்பு குறையுதாம்! எங்க சேரிகளை எரித்தபோது எந்த நகரசபையும் இந்தக் கணக்குப் போடலை.

எங்க ஊர்ப் பேரிலேயே வலசை இருக்கு. குத்துக்கல் நட்ட இடத்தில் நிக்கும். வலசை வந்தவன் மாறிக்கிட்டேதான் இருப்பான்.

வைகாசியில் வீட்டைப் பிரிக்கிறோம். அதுக்கு முந்தி எங்க தெருவில் ஒவ்வொரு வீட்டையும், எந்தச் சுவரு எந்த வருசம், யார் கூலியில், யார் நகையில் எழும்பினதுன்னு நாலு பிள்ளைகள் நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டிருக்காக. பதினோரு வீடு முடிஞ்சிருக்கு. மண்சுவரில் ஒரு முழம் வெட்டி எடுக்க முடியுமான்னு பார்க்கோம், பெயர்க்கும்போது உதிர்ந்தாலும் உதிரும். தாத்தா வச்ச வேப்பமர நிலையைப் புது வீட்டுக்கு வச்சிரலாம்னு தம்பி சொல்லுதான். உயரம் காணாது, குனிஞ்சுதான் போகணும்கா மயினி. அதனால அதைப் புறவாசலுக்கு வைக்கலாம்னு பேச்சு. சீமையோடு முக்காவாசி நல்லாத்தான் இருக்கு. கேட்டு ஒரு புரோக்கர் வந்தான், குத்தாலத்துப் பக்கம் ஏதோ தங்கும் விடுதிக்குப் பழைய ஓடு வேணுமாம், நல்ல விலை தாராகளாம். இன்னும் முடிவு சொல்லலை.