நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் முதற்பொருள் என்று வகுத்தவை இரண்டு: ஒன்று நிலம், மற்றொன்று பொழுது. இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் மரமும் பறவையும், உணவும் தொழிலும், கூடலும் பிரிவும் தோன்றுகின்றன என்பது தமிழ்ப் பொருளிலக்கணத்தின் கொள்கை. பாட்டுக்கென வகுக்கப்பட்ட இவ்விதி வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும். எந்தச் செடியை நடுவது என்று கேட்பவனுக்கு, எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் என்ற இரு கேள்விகளையே நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கின்றது. பெரும்போக மழையை எதிர்நோக்கி மண்வெட்டியைத் தீட்டும் இவ்வேளையில், மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து இவ்விரு கேள்விகளையும் சிறிது ஆராய்வோம்.

முதலில் பொழுது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை அறியாத தமிழர் இல்லை. தமிழகத்திலே ஆடி மாதம் காவிரியில் புதுவெள்ளம் வரும் காலம், விதைப்புக்குரிய காலம். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கோப்பிப் பயிருக்காகக் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த மக்கள், மடியிலே விதையையும் நாவிலே இப்பழமொழியையும் கொண்டு வந்திருப்பர். ஆனால் மாத்தளையின் ஆடி வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, மாவட்டத்தின் வடக்கையும் கிழக்கையும் வறண்ட காற்றாகவே வந்தடைகின்றது. அங்கே ஆடியில் விதைத்தவன் குடம் சுமந்தே ஓய்ந்து போவான். அவனுக்குரிய பட்டம் ஐப்பசிப் பட்டம். இடைப்பருவ மழை ஒக்டோபரில் தொடங்கி, வடகீழ்ப் பருவமழையோடு கலந்து தை மாதம் வரை நீள்வதே இங்கு பெரும்போகம். பங்குனி, சித்திரை மழையை நம்பித் தொடங்குவது சிறுபோகம். நிலம் மாறினால் பழமொழியின் மாதமும் மாறும். உரிய பட்டத்தைத் தேடி விதைக்க வேண்டும் என்ற அதன் உட்கருத்து மட்டும் மாறுவதில்லை.

மாவட்டம் ஒன்றேயாயினும் அதன் நிலம் ஒன்றன்று. ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை பெறுவதை உலர்வலயம் என்றும், 2,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெறுவதை ஈரவலயம் என்றும், நடுவில் உள்ளதை இடைவலயம் என்றும் நம் நாட்டில் வகுத்திருக்கின்றனர். தம்புள்ளைச் சமவெளியிலிருந்து இரத்தோட்டை, எல்கடுவை மலைகளுக்கு ஏறும் ஒருவர், அரை நாட் பயணத்துக்குள் இவ்வேறுபாட்டைக் கண்ணாலேயே கண்டுவிடலாம். தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளில் பெரும்போகத்துக்கு மிளகாய், கத்தரி, வெண்டி, பூசணி, புடோல் ஆகியவை ஏற்றன. அதே மண்ணில் பெரிய வெங்காயமோ சிறுபோகத்துக்குரிய பயிர். குமிழ் முற்றுவதற்கு வெயிலும் அறுவடைக்கு வறட்சியும் அதற்கு வேண்டும். மாத்தளை நகரைச் சூழ்ந்த உக்குவளைப் பக்கத்தில் பயற்றை, பாகல், பீர்க்கு, கத்தரி, வற்றாளை, இஞ்சி, மஞ்சள் ஆகியன செழிக்கும். மேலே, பனி இறங்கும் தோட்டங்களில் போஞ்சியும் கோவாவும் முள்ளங்கியும் நோக்கோலும் இயல்பாக வரும். அயலூரில் விளைந்தது என்பதற்காக ஒரு விதையை வாங்குவதைக் காட்டிலும், அயல்வீட்டில் விளைந்ததைக் கண்டு வாங்குவதே அறிவுடைமை.

பருவத்தைப் பயன்கொள்ள விரும்புவோர் மழைக்கு முன்னரே எழுந்துவிட வேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் புரட்டாசியிலேயே நாற்றுமேடை அமைத்தால்தான், ஐப்பசி மழையில் மண் நனைந்ததும் நாற்றைப் பிடுங்கி நடலாம். போஞ்சி, பயற்றை, வெண்டி, பூசணி ஆகியவற்றுக்கு நாற்றுமேடை வேண்டா; நேரே ஊன்றலாம். குற்றுப் போஞ்சியும் வெண்டியும் ஏறக்குறைய 50 நாளில் காய் தரும். தண்டுக்கீரை ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றிவிட்டு, ஒரு வாரம் அயலாருக்கு அள்ளிக் கொடுத்து, அடுத்த வாரம் கடைக்கு ஓடுவதில் பயனில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரிசையாக ஊன்றிவந்தால் அடுப்புக்குத் தொடர்ச்சியாகக் காய் கிடைக்கும்.

தக்காளி அடைமழையை விரும்பாத செடி. மழை உச்சத்தில் இலை கருகி, காய் அழுகும். ஆகவே அதன் நாற்றைக் கார்த்திகையில் வளர்த்து, மழை தணியும் மார்கழி இறுதியில் நடுதல் நன்று. பச்சையாய் நின்ற செடி ஒரே நாளில் துவண்டு விழும் பற்றீரிய வாடல் நோய் மண்ணிலே தங்குவது. ‘திலின’ என்னும் உள்நாட்டு இனம் அதனை ஓரளவு தாங்கும். எனினும் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தவை. ஒன்று நின்ற இடத்தில் மற்றொன்றை உடனே வைக்காமல், நடுவே பயற்றையோ போஞ்சியோ இட்டால் நோயின் தொடர்ச்சியும் அறும். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சுக்களால் மண்ணும் வளம் பெறும். இஞ்சியும் மஞ்சளும் சித்திரை மழையோடு மண்ணில் புகுந்து, இலை பழுத்துச் சாயும் மார்கழி, தை மாதங்களில் வெளிவருபவை. 2020 ஆம் ஆண்டில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை விண்ணைத் தொட்டபோது, கொல்லையில் நாலு பாத்தி மஞ்சள் வைத்திருந்த இல்லத்தரசி பொற்காசு வைத்திருந்தவளுக்கு நிகரானாள்.

விதையைச் சோதித்து விதைக்கும் பழக்கமும் நம்மவருக்குப் புதிதன்று. மாரியம்மன் விழாக்களில் பெண்கள் தலையிலே சுமந்து வரும் முளைப்பாரி, வழிபாடாக மட்டுமன்றி, எந்த வீட்டு விதை செழித்து முளைக்கின்றது என்பதை ஊரறியக் காட்டும் பரீட்சையாகவும் அமைந்தது. இன்றும் ஈரத் துணியில் 10 விதையை முடிந்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒட்டுவிதையிலிருந்து பெற்ற விதை அடுத்த பருவம் தாயைப் போல விளையாது என்பதையும் நினைவிற் கொண்டு, நாட்டினங்களில் சிலவற்றையேனும் ஒவ்வொரு வீடும் பேணி வருதல் வேண்டும்.

மலைச்சரிவில் வாழ்வோர்க்கு மண்ணே முதலாவது விளைச்சல். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, விளிம்பிலே கல் அடுக்கி, கிளிரிசிடியா வேலி வளர்த்தால், மழை நீர் மண்ணை அள்ளிச் செல்லாது. வேலியை வெட்டிவிடும்போதெல்லாம் தழையுரமும் கிடைக்கும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொணர்ந்த பெருமழையில் மலைநாட்டின் சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்த துயரத்தை நாடு கண்டது. வீட்டுத் தோட்டம் மண்சரிவைத் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், சரிவை நேரே கீறிப் பயிரிடுவது தன் காலடி மண்ணைத் தானே தோண்டுவதாகும் என்பதில் ஐயமில்லை. குரங்கு, பன்றி, முள்ளம்பன்றி ஆகியவற்றின் தொல்லையும் சிறிதன்று. 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை ஐந்து நிமிடம், குரங்குகளையும் மயில்களையும் மரஅணில்களையும் வீடுதோறும் எண்ணுமாறு அரசாங்கமே மக்களைக் கேட்டுக்கொண்டது. குரங்கு தொடாத இஞ்சியையும் மஞ்சளையும் வேலியோரத்தில் வைத்து, கறிகாயை வீட்டு வாசலுக்கு அண்மையில் வைப்பது இப்போதைக்கு நம்மாலியன்ற உபாயம்.

பொழுதைப் பற்றிச் சொல்ல வேண்டியவை இவை. இனி நிலத்தைப் பற்றிப் பேசுவோம். பேச்சு கடினமாவதும் இங்கேதான்.

மாத்தளைக் கிராமங்களின் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தவர்கள் அதன் அமைப்பை வியவாதிருக்க மாட்டார்கள். உயரத்தில் தென்னையும் கமுகும் பலாவும். அவற்றின் கீழே சாதிக்காயும் கராம்பும். மரத்தைத் தழுவி மிளகுக் கொடி. அதன் நிழலில் கோப்பியும் கொக்கோவும். தரையில் இஞ்சியும் வல்லாரையும். காடு போலத் தோன்றும் அத்தோட்டத்தில் ஒவ்வொரு மரமும் ஒரு முப்பாட்டனின் கையால் நடப்பட்டது. மிளகு மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். பலாவுக்கும் கராம்புக்கும் அதனினும் நெடுங்காலம் பொறுத்திருக்க வேண்டும். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே அமைந்திருப்பது, இம்மண்ணுக்கும் வாசனைப் பயிர்களுக்கும் உள்ள உறவுக்குச் சான்று.

அதே மலையில், கூப்பிடு தூரத்தில், லயத்து வாசலைப் பாருங்கள். கானுக்கும் சுவருக்கும் இடையே ஒரு பாய் அகலத் துண்டில் கீரையும் மிளகாயும் நாலு போஞ்சிக் கொடியும் நிற்கின்றன. கூர்ந்து நோக்கினால் அங்கே நிற்பவை பெரும்பாலும் பருவப் பயிர்களாகவே இருக்கும். மலையகத் தமிழர் மரம் வளர்க்க அறியாதவர் அல்லர். பிறருக்காக மலை மலையாய்த் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வளர்த்தவர்கள் அவர்கள். பலாக்கொட்டையை ஊன்றுவதற்குக் கையளவு மண் போதும். ஆனால் அது காய்க்கும் நாளில் அம்மண்ணில் தான் இருப்பேன் என்ற உறுதி அவர்களுக்கு இருந்ததில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரைக் கடலுக்கு அப்பால் அனுப்ப வகை செய்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களின் உடைமையாளரை மாற்றின. லயத்தில் வாழ்ந்தவரின் நிலையை மாற்றவில்லை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுக் காலத்தில் எவன் பலாக்கன்று நடுவான்? இரண்டு மாதத்தில் காய்க்கும் வெண்டியையே அவன் நட்டான். நாளை புறப்பட நேர்ந்தாலும் நட்டம் ஒரு பிடி விதை மட்டுமே.

மலையக மக்களின் வழக்கில் ‘தோட்டம்’ என்றால் அது வேலை செய்யும் பெருந்தோட்டத்தைக் குறிக்கும். தான் வளர்க்கும் கொல்லையைக் குறிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்திலே பிறந்து, தோட்டத்திலே உழைத்து, தோட்டத்திலே மடியும் ஒருவனுக்குத் தோட்டம் இல்லை என்பதை அச்சொல் ஒன்றே எடுத்துரைக்கின்றது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றிப் பலாமரத்தைத் தறிக்க இயலாது. மரத்துக்கு அந்நாளிலேயே கிடைத்த காப்பு, மரத்தை நட வேண்டிய மனிதனுக்குக் கிடைக்கப் பிந்தியது.

2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டதையும், அடுத்த ஆண்டு உணவு விலை ஏழைகளின் கைக்கெட்டாது ஏறியதையும் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஜூனில், அரச ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை முடிவு செய்தது. நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் வீட்டுத் தோட்டம் செய்ய வேண்டுமானால் விடுமுறைக்கு முன்னே வீடும் தோட்டமும் வேண்டும். நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அவ்விடுமுறையும் இல்லை. வேலையற்ற நாளிலும் கொத்துவதற்கு அவளுக்கு மண் இல்லை.

அண்மைக் காலத்தில் நிலைமை சற்றே இளகியிருப்பதை மறுப்பதற்கில்லை. 2015 ஆம் ஆண்டின் பின்னர், லயத்துக்குப் பதிலாக 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற கொள்கை ஏற்கப்பட்டது. பிந்திய திட்டங்களில் அது 10 பேர்ச் ஆயிற்று. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,905 சதுர அடி. இந்திய உதவியில் எழுந்த வீடொன்றின் அளவாகிய 550 சதுர அடியைக் கழித்தால் 1,355 சதுர அடி எஞ்சும். வழியும் கழிப்பிடமும் போக மிஞ்சும் மண்ணில் ஒரு பலா, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, வேலிக் கிளிரிசிடியாவில் ஏறிய பத்து மிளகுக் கொடி, நடுவே ஆறு பாத்தி மரக்கறி ஆகியவற்றை வைக்கலாம். சிறிதுதான், ஆயினும் அது ஒரு குடும்பத்தின் முதல் தோட்டம். வீடு கிடைத்தோரின் தொகை இன்னும் லயத்தில் வாழ்வோரின் தொகைக்கு முன்னே மிகச் சிறிது என்பதும், வீடு கட்டி முடிந்த பின்னும் காணி உறுதி கைக்கு வரத் தாமதமாகின்றது என்பதும் தீராத குறைகள்.

ஆகவே இப்பருவத்தில் நாம் வேண்டுவன இரண்டு. மண் உடையோர், அது ஒரு பாத்தியேயாயினும், மழைக்கு முன்னே விதையைத் தெரிந்து, நாற்றை எழுப்பி, சரிவைக் காத்துப் பயிர் செய்வார்களாக. விவசாயப் போதனாசிரியர்கள் லயங்களுக்கும் ஏறிச் சென்று, தமிழிலே பேசி, நல்ல விதை கிடைக்க வழி செய்வார்களாக. அதிகாரத்தில் இருப்போர்க்கு நாம் சொல்வது, விதைப் பொதியோடு உறுதிப் பத்திரத்தையும் கொடுங்கள் என்பதே. மழை யாருடைய அனுமதியையும் கேட்டுப் பெய்வதில்லை. பொழுது எல்லோருக்கும் பொதுவாக வருகின்றது. நிலமும் அவ்வாறு வந்து சேரும் நாளில், மாத்தளை மலைத் தமிழன் வெண்டி விதையோடு பலாக் கொட்டையையும் ஊன்றுவான்.