அறுபது எண்களும் ஒரு வைத்தியரும்

வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தைக் கொடுத்து, அதில் அளக்கக்கூடியவை அனைத்தையும் அளந்து பார்த்துவிட்டால் தேகம் முழுவதையும் சோதித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம் என்பது, நம் நகரங்களில் வசிக்கும் நடுத்தரக் குடும்பங்களின் பொதுவான அபிப்பிராயமாகி வருகிறது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் லேப் பையன், ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி என்று வகைக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு குழாய்களை நிரப்பிப் பெட்டியில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட, மாலைக்குள் இருபது பக்க ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்து சேருகிறது; பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் தீட்டிய அந்தப் பக்கங்களில் வீட்டார் எல்லோரும் முதலில் தேடுவது சிவப்பைத்தான். இந்த ஏற்பாடு முற்றிலும் வீண் என்று நான் வாதிக்கப் போவதில்லை. இன்ன சந்தேகத்துக்காக என்று யாரும் கேளாமல் செய்யப்படும் சோதனை, அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு வைத்தியரும் அருகில் இல்லாதபோது, வியாதியைக் கண்டுபிடிப்பதைவிடச் சுகமாக இருப்பவரை வியாதியஸ்தராக்குவதில்தான் அதிக சாமர்த்தியம் காட்டுகிறது என்பதே என் கட்சி.

இத்தனை எண்கள் எப்படி வந்தன என்று விசாரித்தால், அவற்றின் பிறப்புக்கு வைத்தியத்தின் தேவையைக் காட்டிலும் யந்திரத்தின் வசதியே பெரிய காரணம் என்பது புலப்படும். ஒவ்வொரு சோதனையையும் லேப் ஊழியர் ஒருவர் தம் கையால் செய்து முடிக்க வேண்டியிருந்த காலத்தில், இந்த நோயாளிக்கு எது அவசியம் என்று யோசித்த பிறகே வைத்தியர் சீட்டு எழுதுவார். அமெரிக்காவில் லெனார்டு ஸ்கெக்ஸ் என்பவர் அமைத்த தானியங்கி யந்திரத்தை டெக்னிகான் கம்பெனி 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் ஒரே ரத்த மாதிரியில் பன்னிரண்டு பொருள்களை ஒருசேர அளக்கும் யந்திரங்கள் தோன்றின. ஒன்றை அளக்க ஆகும் செலவுக்கும் பன்னிரண்டை அளக்க ஆகும் செலவுக்கும் வித்தியாசம் சுருங்கிப்போகவே, யோசித்து எழுதும் பழக்கமும் மெல்லச் சுருங்கிப்போயிற்று. இன்று லேபுக்கு மெய்யான செலவு ஆளை அனுப்பி ரத்தம் எடுத்துவருவதுதான். எடுத்தபின் மேலும் பத்து அம்சங்களைச் சேர்ப்பதால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை, விளம்பரத்துக்கோ அது மிகுந்த லாபம்.

விளம்பரத்தில் காணும் எண்ணிக்கையும் வேடிக்கையானது. எண்பது சோதனை என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பிரித்துப் பார்த்தால், ரத்த அணுக்களை எண்ணும் ஒரே சோதனையின் உட்பிரிவுகளே இருபதுக்கு மேல் இடம் பிடித்திருக்கும். கொலஸ்ட்ரால் பகுதியில், அளந்த இரண்டு எண்களை ஒன்றால் ஒன்றை வகுத்துக் கிடைத்த விடையும் தனிச் சோதனையாகக் கணக்கில் ஏறியிருக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் போடக்கூடிய வகுத்தலுக்கு நாம் ஊசி குத்திக்கொண்டதாக ஆகிறது.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பான அளவு என்பது என்ன? பெரும்பாலான சோதனைகளில், ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுத்த பலரை அளந்து, அவர்களில் நடுவே நிற்கும் 95 சதவிகிதம் பேரின் எண்களை எல்லையாக வைத்து, மேலே இரண்டரையும் கீழே இரண்டரையுமாக மீதமுள்ள 5 சதவிகிதத்தை வெளியே தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளப்பட்டவர்களும் சாட்சாத் ஆரோக்கியமானவர்களே என்பதை ரிப்போர்ட் சொல்லுவதில்லை. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை எந்த வியாதியும் இல்லாத 100 பேருக்குச் செய்தால், அவர்களில் சுமார் 64 பேருக்கு ஏதேனும் ஓர் எண்ணாவது எல்லை தாண்டியிருக்கும் என்பது சாதாரணக் கணக்கு. உண்மையில் பல சோதனைகள் ஒன்றையொன்று சார்ந்தவையாதலால் இந்தத் தொகை சற்றுக் குறையலாம். ஆனால் சோதனைகளைக் கூட்டிக்கொண்டே போனால் முழுதும் பச்சையாக வரும் ரிப்போர்ட் அபூர்வமாகிவிடும் என்பதில் ஐயமில்லை.

அந்த ஒரு சிவப்பு எண் ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்பதற்கு, அடிக்கடி நிகழும் ஒன்றைச் சொல்லுகிறேன். நூற்றுக்கு மூவரிலிருந்து பத்துப் பேர் வரை, பிறவியிலேயே ரத்தத்திலுள்ள பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்றும் ஆற்றல் சற்றுக் குறைந்தவர்களாக இருக்கிறார்கள். பிரெஞ்சு வைத்தியரான கில்பர்ட் 1901-இல் விவரித்ததால் அவர் பெயரையே தாங்கி நிற்கும் இந்த இயல்பினால் கல்லீரலுக்கோ ஆயுளுக்கோ எந்தத் தீங்கும் இல்லை, சிகிச்சையும் வேண்டியதில்லை. விசித்திரம் என்னவென்றால், பட்டினி இருந்தால் இவர்களுடைய பிலிரூபின் ஏறும். லேபோ ரத்தம் கொடுக்குமுன் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்லுகிறது. இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன், ஆபீஸில் எல்லோரும் கொடுக்கிறார்களே என்று தானும் ரத்தம் கொடுக்க, 1.9 என்ற எண் சிவப்பில் வந்து நிற்கிறது. பாட்டி கண்ணைத் தாழ்த்திப் பார்த்து மஞ்சள் காமாலை என்று தீர்மானித்துவிடுகிறாள். மறுநாள் முதல் கீழாநெல்லியும் மோர் சாதமும் உப்பில்லாப் பத்தியமும் ஆரம்பமாகின்றன. பத்தியத்தில் உணவு குறையக் குறைய எண் இன்னும் ஏறுகிறது. பிறகு மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகள், வயிற்றுக்கு ஸ்கேன், ஸ்கேனில் கல்லீரலில் லேசான கொழுப்பு என்று ஒரு புதிய வரி, அதற்கொரு மாத்திரை. நிச்சயமான கல்யாணம் தள்ளிப்போனாலும் ஆச்சரியமில்லை. அதே ரிப்போர்ட்டில் இரண்டு வரி கீழே எஸ்.ஜி.பி.டி. முதலிய மற்றக் கல்லீரல் எண்கள் சரியாக இருப்பதையும், ஏறியிருப்பது நேரடி பிலிரூபின் அல்லாத மற்றப் பகுதியே என்பதையும் பார்த்த வைத்தியர் ஒருவர், இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு, போய்ச் சாப்பிடு தம்பி என்று அனுப்பியிருப்பார்.

எண் மாறுவதற்கு உடம்பே காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் ஃப்ளோரைடு மருந்து சேராமல் ரத்தம் அப்படியே கிடந்தால், அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவிகிதம் வரை குறைத்துவிடும். அணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக உயரும். எட்டு வீடு ஏறி இறங்கி, வெயிலில் நகரத்தைச் சுற்றிவந்து லேபுக்குச் சேரும் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

இவற்றையெல்லாம்விட அபாயமானது, விலை உயர்ந்த பாக்கேஜ்களில் அலங்காரமாகச் சேர்க்கப்படும் புற்றுநோய்ச் சோதனைகள். சி.ஈ.ஏ. என்ற எண் புகை பிடிப்பவர்களுக்கு இயல்பாகவே கூடியிருக்கும், சி.ஏ. 125 மாதவிலக்கின்போதும் கர்ப்பத்தின்போதும் உயரும். இந்தச் சி.ஏ. 125-ஐக் கொண்டு சூலகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டு உயிரைக் காப்பாற்றலாமா என்று பிரிட்டனில் 2,00,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்துப் பல வருஷங்கள் நடத்திய ஆராய்ச்சி 2021-இல் வெளியிட்ட முடிவில், ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவை அதிகமானபோதிலும் மரணம் குறையவில்லை. ஆண்களுக்குச் செய்யும் பி.எஸ்.ஏ.-யின் கதையும் யோசிக்கத்தக்கது. 1970-இல் புராஸ்டேட் சுரப்பியின் அந்தப் பொருளைக் குறித்து ஆய்ந்தவர்களில் முக்கியமானவரான ரிச்சர்ட் ஆப்லினே, அதைக் கூட்டங்கூட்டமாக எல்லா ஆண்களுக்கும் செய்வது பொதுச் சுகாதாரத்துக்கு நேர்ந்த பெருங்கேடு என்று 2010-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அமெரிக்க நிபுணர் குழுவும் 2018-இல், 55 முதல் 69 வயது வரையில் உள்ளவர்கள் நன்மை தீமைகளை வைத்தியருடன் பேசித் தாமே முடிவு செய்யட்டும், 70-க்கு மேல் வேண்டாம் என்று சொல்லிற்று. நம் ஊரிலோ எண்பது வயதுத் தாத்தாவுக்கும் பிறந்தநாள் பரிசாக அது கிடைக்கிறது.

சுகமாக இருப்பவர்களை அழைத்துப் பொதுவாகச் சோதிப்பதால் ஆயுள் நீளுகிறதா என்ற கேள்விக்கும் விடை தேடியிருக்கிறார்கள். காக்ரேன் அமைப்பு 2019-இல், 2,50,000-க்கு மேற்பட்டவர்கள் பங்குகொண்ட 15 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இத்தகைய பரிசோதனைகளால் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும், அதை மறைக்கலாகாது. அந்த ஆய்வுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்ப வைத்தியர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். நம் தேசத்திலோ 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தமக்குச் சர்க்கரை உண்டென்று அறிகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ஆகையால் ரத்தமே கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய முடிவை இங்கே அப்படியே இறக்குமதி செய்வது விவேகம் ஆகாது. எதைக் கேட்பது, யாரைக் கேட்பது, விடை கிடைத்தபின் என்ன செய்வது என்ற மூன்றுக்கும் முன்னதாகவே பதில் வைத்திருக்க வேண்டும் என்று 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய நூல் வகுத்த இலக்கணத்தை இங்கேயும் கடைப்பிடித்தால் போதும்.

அந்த இலக்கணத்துக்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு வரும் நீரிழிவைக் கண்டறிய வழக்கமாகச் செய்யும் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஆனால் விடியற்காலையில் பஸ் பிடித்துத் தொலைவிலிருந்து வரும் கிராமத்துப் பெண்ணைப் பட்டினியோடு வா என்பதும், வராதே என்பதும் ஒன்றுதான் என்பதைச் சென்னை வைத்திய நிபுணர் வி. சேஷையா உணர்ந்தார். அவரும் அவரைச் சார்ந்தவர்களும் வகுத்த முறையில், அந்தப் பெண் சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து, 140-ஐ எட்டியிருக்கிறதா என்று மாத்திரம் பார்க்கிறார்கள். எட்டியிருந்தால் முதலில் உணவில் மாறுதல், அதற்கும் அடங்காவிட்டால் இன்சுலின். காப்பாற்றப்படுவது தாயும் வயிற்றிலுள்ள சிசுவுமாக இருவர். கர்ப்பிணிகள் அனைவருக்கும் இச்சோதனையைத் தமிழ்நாடு அரசு 2007-இல் கட்டாயமாக்கிற்று. ஓர் எண், அதற்குரிய தருணம், கையில் தயாராக உள்ள பரிகாரம் என்ற மூன்றும் இத்தனை அழகாகப் பொருந்திய இந்தச் சோதனைக்கு எந்தச் சுவரிலும் விளம்பரம் ஒட்டப்படவில்லை.

அவ்வாறே, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வரும் தன்னார்வலப் பெண் கொண்டுவருவது பி.பி. பார்க்கும் கருவியும் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவியும் மாத்திரைகளுமே. இரண்டே எண்கள், அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு ரத்தமே வேண்டாம். திட்டத்தில் குறைகள் இருக்கலாம், மாத்திரை வந்து சேராத மாதங்களும் இருக்கலாம். ஆயினும், சாஸ்திரரீதியில் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டும் அந்தக் கிழவிக்கு நடப்பது, அண்ணாநகர் அடுக்குமாடியில் அறுபது எண் வாங்கும் கனவானுக்கு நடப்பதைவிட உயர்ந்த வைத்தியம் என்றே சொல்லுவேன்.

நகரத்தாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், முப்பது வயது கடந்தவர்களுக்குப் பி.பி.யும் சர்க்கரையும், சில வருஷங்களுக்கு ஒரு முறை கொலஸ்ட்ராலும், பெண்களுக்கு ஹீமோகுளோபினும், ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உடையவர்களுக்குச் சிறுநீரகங்களின் நிலையை அறியக் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் என்று ஒரு சிறிய பட்டியலுக்குள் விஷயம் அடங்கிவிடும். மற்றவை எல்லாம் ஆளைப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்க வேண்டியவை. அந்தச் சிறிய பட்டியலைக்கூட வைத்தியரின்றிப் படிக்க முடியாது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று சொல்லப்படும் எச்.பி.ஏ.1.சி. அளவு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் மெய்யான நிலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுகிறது. ஒரு பக்கத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பாராமல் வேறொரு பக்கத்தில் உள்ள எச்.பி.ஏ.1.சி.யை மாத்திரம் பார்த்து எத்தனை பெண்கள் தங்களுக்குச் சர்க்கரை வந்துவிட்டதாகக் கலங்குகிறார்களோ!

முன்கூட்டிச் செய்யும் உடல் பரிசோதனைக்காக வருமான வரியில் 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ள 2012 பட்ஜெட் இடம் கொடுத்தது. அந்தச் சலுகை பெறும் பரிசோதனையில், சோதனைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் வைத்தியரைச் சந்திப்பதும் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தால் என்ன? ஊழியர்களுக்குப் பாக்கேஜ் வாங்கிக் கொடுக்கும் கம்பெனிகளும் அதே பணத்தில் சோதனைகளைப் பாதியாகக் குறைத்து அந்தச் சந்திப்பை வாங்கிக் கொடுக்கலாம். சந்திக்கப் போகிறவர் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏனென்றால், மூன்று வருஷங்களுக்கு முன் 0.7 ஆக இருந்த ஒரு பெண்ணின் கிரியாட்டினின் இவ்வருஷம் 1.1 என்று வந்தால், அவளுடைய சிறுநீரகங்களின் வேலைத்திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கக்கூடும். ஆனால் பல லேபுகளின் கணக்கில் இரண்டும் இயல்பான எல்லைக்குள் அடங்கியவையே ஆதலால், இருபது பக்கங்களிலும் அந்த வரி பச்சையாகவே இருக்கும்.